டூப்ளிகேட் இல்லீங்க, அது வேற புத்தகம்

நம்ம தமிழ்ச் சங்க நூலகக் குழுவுல இருக்குற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விடுற நேரம், ஹாலுக்குப் பின்னாடி ரீசைக்கிளிங் தொட்டி பக்கத்துல நாலு அட்டைப்பெட்டி இருந்துச்சு. லேசா தூறல் வேற. மேல இருந்த பெட்டி சரியா மூடல, உள்ள பழுப்பு நிறத் துணி அட்டை தெரியுது, எனக்கு பார்க்கிங் லாட்லேர்ந்தே புரிஞ்சு போச்சு, நாம வளத்த பிள்ளைய கூட்டத்துல நமக்குத் தெரியாதா என்ன. கிட்ட போய் பாத்தா ஒவ்வொரு புத்தகத்து மேலயும் மஞ்சள் ஸ்டிக்கர், அதுல மார்க்கர்ல எழுதியிருக்கு: டூப்ளிகேட்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் சங்கத்துக்குக் கொடுத்தது 163 புத்தகம். ஹார்டி பாய்ஸ், நான்சி ட்ரூ, டாம் ஸ்விஃப்ட், டேனா கேர்ள்ஸ்னு பிள்ளைங்களுக்கான பழைய அமெரிக்கத் துப்பறியும், சாகசக் கதைத் தொடர்கள், எல்லாம் இருபது வருஷமா கராஜ் சேல், சர்ச் சேல், ஃப்ளீ மார்க்கெட்னு அலைஞ்சு சேத்தது. அதுல 58 புத்தகத்துக்கு இந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க. 19 ஏற்கனவே பொங்கல் விழா மேஜைல ஒரு டாலருக்கு ஒண்ணுன்னு போயிடுச்சாம். மிச்சம் 39 தொட்டிக்குப் போக மழைல காத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த 39-யும் கார்ல ஏத்திக்கிட்டு வந்துட்டேன், யார்கிட்டயும் கேக்கல, அது தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்.

ஃபோன் பண்ணிக் கேட்டதுக்கு ஒரு தம்பி பொறுமையாதான் பதில் சொன்னார். எல்லாத்தையும் எக்ஸெல் ஷீட்ல ஏத்தினோம் அக்கா, புத்தகப் பேரு ஒண்ணு, ஆத்தர் பேரு ஒண்ணு, புது காப்பி பளபளன்னு ஷெல்ஃப்ல இருக்கு, பழசு எதுக்கு, இடமும் இல்ல. அவரு சொன்னது எக்ஸெல் ஷீட்டுக்கு சரி. புத்தகத்துக்கு சரியில்ல. ஒருத்தராவது ரெண்டையும் பக்கத்துல வச்சு திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

எனக்கே அது சண்டை போட்டுத்தான் தெரிஞ்சது. 2003 வாக்குல, என் பொண்ணு நாலாம் கிளாஸ். ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிச்சு பேசணும்னு ஒரு ஒப்பந்தம். ஹார்டி பாய்ஸ் தொடர்ல ‘தி மிஸ்டரி ஆஃப் தி ஃப்ளையிங் எக்ஸ்பிரஸ்’, அவ ஸ்கூல் லைப்ரரி காப்பிய எடுத்துட்டு வந்தா, நான் 50 சென்ட்டுக்கு வாங்கின கிழவன் காப்பிய எடுத்தேன். ராத்திரி சாப்பிடும்போது நான் ரயில் ரயில்னு பேசறேன், அவ படகுங்கறா. தண்ணிக்கு மேல எழும்பி ஓடற ஹைட்ரோஃபாயில் படகாம். நீ படிக்காமலே கதை விடுறம்மான்னு அழுகை வேற. அப்புறம் ரெண்டையும் மேஜைல விரிச்சு வச்சு பாத்தோம். என்னது 1941-ல வந்தது, அவளோடது 1970-ல வந்தது. பேரு அதே, நம்பர் அதே, ஆத்தர் அதே ஃப்ராங்க்ளின் டபிள்யூ. டிக்ஸன். உள்ள ஒரு வரி கூட ஒண்ணா இல்ல.

அன்னிக்குத்தான் இந்தப் பைத்தியம் பிடிச்சது எனக்கு. யாருடா இந்த டிக்ஸன், ஒரே பேருல ரெண்டு கதை எழுதறவன்னு தேட ஆரம்பிச்சு, கடைசில தெரிஞ்சது அப்படி ஒரு ஆளே இல்ல. இருந்தது எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர். நம்ம நியூ ஜெர்சிக்காரர்தான், 1862-ல எலிசபெத்ல பிறந்தவர், குடியிருந்தது நூவர்க்ல. கதை எழுதறதை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தினவர். அவரு ரெண்டு மூணு பக்கத்துக்கு கதைச் சுருக்கம் போட்டு அனுப்புவார், எங்கயோ ஒரு ஊர்ல ஒரு எழுத்தாளர் அதை இருநூறு பக்கத்துக்கு விரிச்சு எழுதிக் கொடுப்பார், கைல ஒரே ஒரு தடவை தொகை, அதோட சரி. ராயல்டி கிடையாது, உரிமை கிடையாது, நான்தான் எழுதினேன்னு வெளில சொல்லவும் கூடாது, எல்லாத்துக்கும் எழுதிக் கையெழுத்து. அட்டைல போடற பேரு கம்பெனியோட சொத்து. எழுதறவர் போனா இன்னொருத்தர் வந்து அதே சட்டையைப் போட்டுக்குவார், வாசிக்கிற பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அவரு செத்தப்புறம் மகள்கள் ஆபீஸை நியூயார்க்லேர்ந்து ஈஸ்ட் ஆரஞ்சுக்கு மாத்தி நடத்தினாங்க. ஈஸ்ட் ஆரஞ்சு, நாம வாரா வாரம் தாண்டிப் போற ஊரு!

ஹார்டி பாய்ஸ் முதல் மூணு புத்தகம் 1927-ல வந்துச்சு. எழுதினவர் லெஸ்லி மெக்ஃபார்லேன், கனடாக்காரர், மாசச்சூசெட்ஸ்ல ஒரு பேப்பர்ல ரிப்போர்ட்டரா இருந்தப்ப விளம்பரம் பாத்து எழுதிப்போட்டு மாட்டிக்கிட்டவர். புத்தகத்துக்கு 125 டாலர். டிப்ரஷன் காலத்துல, அதான் 1930-கள்ல பொருளாதாரம் படுத்தப்ப, அது 85-ஆ இறங்குச்சு, வீட்ல பிள்ளைங்க, அடுப்பு எரியணும், திட்டிக்கிட்டே எழுதினார், டைரில இந்த வேலையை எப்படி வெறுத்தார்னு எழுதி வச்சிருக்கார். ஆனா எழுத்துல அந்த வெறுப்பு தெரியாது, அதான் எனக்கு ஆச்சரியம். பழைய காப்பில வர்ற அத்தை ஜெர்ட்ரூட், ஊர் போலீஸ் சீஃப் காலிக், துப்பறியும் ஸ்மஃப், இவங்க அடிக்கிற கூத்துக்கு நான் ராத்திரி வாய்விட்டு சிரிச்சிருக்கேன். போலீஸை இப்படி கிண்டல் பண்ணாதீங்கன்னு கம்பெனி அவருக்கு சொல்லி அனுப்புச்சு. புதுப் பதிப்புல அந்த கிண்டலை எல்லாம் துடைச்சு எடுத்துட்டாங்க. நீங்க ஷெல்ஃப்ல வச்சிருக்க பளபள காப்பில மெக்ஃபார்லேன் அனேகமா இல்லவே இல்ல. அவரு இருந்தது தொட்டி பக்கத்துல மழைல.

அவரு மகனுக்கே ரொம்ப நாள் தெரியாது. வீட்டு அலமாரில ஹார்டி பாய்ஸ் வரிசையா இருக்கறதைப் பாத்துட்டு, சின்ன வயசுல படிச்சதாப்பான்னு பையன் கேக்க, படிச்சதா, எழுதினதே நான்தான்டான்னாராம். 1976-ல தன் கதையை தன் பேருலயே எழுதி வெளியிட்டார், அடுத்த வருஷம் போய் சேந்துட்டார்.

இன்னொண்ணு, 17-லேர்ந்து 21 வரைக்கும் உள்ள அஞ்சு ஹார்டி பாய்ஸ் மெக்ஃபார்லேன் எழுதினதில்ல, ஜான் பட்டன்னு ஒருத்தர். என் ரயில் கதையும் அவரோடதுதான். இவரு புத்தகம் கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்கும், கதை எங்கயோ கிளம்பி எங்கயோ போகும், சேகரிக்கறவங்க நடுவுல சிலர் மூஞ்சி சுளிப்பாங்க, எனக்கு என்னமோ அந்தக் கிறுக்கு பிடிக்கும். உங்க லிஸ்ட்ல பாத்தேன், அந்த அஞ்சும் டூப்ளிகேட். அஞ்சுமே.

நான்சி ட்ரூ பக்கம் வந்தா மனசு இன்னும் வலிக்குது. முதல் புத்தகங்கள் வந்தது 1930 ஏப்ரல் 28, அடுத்த 12 நாள்ல ஸ்ட்ரேட்மேயர் நிமோனியால இறந்துட்டார். அட்டைல பேரு கரோலின் கீன், எழுதினது மில்ட்ரெட் விர்ட், பின்னாடி மில்ட்ரெட் பென்ஸன், அயோவால லடோராங்கிற ஒரு சின்ன ஊர்ப் பொண்ணு. முதல் 30 புத்தகத்துல 23 அந்தம்மா எழுதினது. அதுக்கும் அதே 125 டாலர் கணக்குதான். தொகையை 75-ஆ குறைச்சப்ப முடியாதுன்னுட்டாங்க, அதனால 8, 9, 10 மூணும் வால்டர் கேரிக்ங்கிற பத்திரிகையாளர் எழுதினார், அப்புறம் மறுபடி இவங்க. டேனா கேர்ள்ஸ் தொடர்லயும் அட்டைல கரோலின் கீன்தான், ஆனா அதுல முதல் நாலை எழுதினது யாரு தெரியுமா, நம்ம மெக்ஃபார்லேன்! ஆக உங்க ஷீட்ல ‘கீன், கரோலின்’னு ஒரே செல்லுல அடைச்சு வச்சிருக்கறது ஒரு அயோவாப் பொண்ணையும் ரெண்டு ஆம்பளைங்களையும், அதுக்கப்புறம் வந்த இன்னும் எத்தனையோ பேரையும்.

1980-ல பதிப்பகங்களுக்குள்ள நியூயார்க்ல ஒரு வழக்கு நடந்துச்சு, அதுக்கு சாட்சி சொல்ல மில்ட்ரெட் போனாங்க. அதுவரைக்கும் ஸ்ட்ரேட்மேயர் மகள் ஹாரியட் ஆடம்ஸ்தான் தன்னை கரோலின் கீன்னு உலகத்துக்கு சொல்லிக்கிட்டு இருந்தவங்க. கோர்ட்ல மில்ட்ரெட்டைப் பாத்ததும் நீ செத்துட்டேன்னுல்ல நெனச்சேன்னு கேட்டாங்களாம். அம்பது வருஷம் கழிச்சு அந்தம்மா எழுதினது கோர்ட்லயே பதிவாச்சு. 1993-ல அயோவா யுனிவர்சிட்டி கூப்பிட்டு மரியாதை செஞ்சது. 2002-ல 96 வயசுல இறக்கற வருஷம் வரைக்கும் டொலீடோல பேப்பருக்கு எழுதிக்கிட்டே இருந்தாங்க.

இதெல்லாம் கதை கேக்க நல்லா இருக்கு, நூலகத்துக்கு என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கலாம். சம்பந்தம் இருக்கு. 1933-ல வால்டர் கேரிக் தான் எழுதின புத்தகத்துக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல உரிமை கேட்டுப் பாத்தார். உடனே கம்பெனி, நான்சி ட்ரூ யாரு எழுதினதுன்னு ஒருத்தர் பேரையும் வெளில சொல்லக்கூடாதுன்னு அந்த லைப்ரரிக்கு சொல்லி அனுப்புச்சு, லைப்ரரியும் சரின்னு வாயை மூடிக்கிச்சு. அங்கயாவது ஒரு கம்பெனி மிரட்டுச்சு. இன்னிக்கு கம்பெனியும் இல்ல, 1984-ல வித்தாச்சு, அவங்க பழைய காகிதமெல்லாம் நியூயார்க் பப்ளிக் லைப்ரரில யாரு வேணா போய் பாக்கற மாதிரி இருக்கு. யாரும் மிரட்டாமலே நாம அந்த வேலையை செஞ்சு முடிக்கிறோம், அதுவும் வாலண்டியரா.

குழுவுல ஒரு அண்ணன் சொன்னாராம், அட்டைல இருக்குற பேரை மாத்தி எழுத நமக்கு என்ன உரிமைன்னு. மாத்தச் சொல்லல அண்ணா. பக்கத்துல சேக்கச் சொல்றேன். சங்கம்னு பேரு வச்சிருக்கோம், அதனால ஒண்ணு கேக்கறேன், குறுந்தொகைல நாப்பதாவது பாட்டை எழுதினது யாரு? செம்புலப்பெயனீரார்னு நம்ம பிள்ளைங்களே சொல்லும், ஆண்டு விழால மனப்பாடமா ஒப்பிக்குதுங்க. அது அவரு அப்பா அம்மா வச்ச பேரா? பேரு தொலைஞ்சு போச்சு, தொகுத்தவருக்கு மனசு கேக்கல, அவரு பாட்டுலயே இருந்த ‘செம்புலப் பெயனீர்’ங்கிற சொல்லை எடுத்து அவருக்கே பேரா சூட்டிட்டார். தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அப்படித்தான். பேரே தெரியாதவருக்கு பேரு கொடுத்த வழி நம்மளது. இங்க பேரு தெரியும், ஊரு தெரியும், என்ன கூலி வாங்கினாங்கன்னு கூட தெரியும், எக்ஸெல்ல அதுக்கு ஒரு காலம் (column) இல்லைங்கறதுக்காக விட்டுடறதா?

ஒரு விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு, அதை நான் மறைக்க விரும்பல. 1959-லேர்ந்து இந்தப் புத்தகங்களை திருத்தி எழுத ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம், பழசுல கறுப்பினத்தவங்களையும் சீனக்காரங்களையும் இன்னும் பலரையும் காட்டியிருக்கற விதம். சில பக்கம் படிக்கவே கூசும். நான் என் பொண்ணுக்கு வாசிக்கும்போது நிறுத்தி, இது ஏன் தப்புன்னு பேசிட்டுத்தான் மேல போயிருக்கேன், ரெண்டு புத்தகத்தை அவ பெரியவளாகற வரைக்கும் கொடுக்கவே இல்ல. எட்டு வயசுப் பிள்ளை எடுக்கற ஷெல்ஃப்ல பழைய காப்பிய வைக்காதீங்கன்னா நான் ஒத்துக்கறேன், நானே எடுத்து மேல வைக்கிறேன். ஆனா நீங்க சொன்ன காரணம் அது இல்லியே. டூப்ளிகேட்ன்னீங்க. அதுலயும் திருத்தினவங்க கெட்டதை மட்டும் எடுத்திருந்தா பரவால்ல, 25 அத்தியாயத்தை 20-ஆ வெட்டி, வேகம் வேணும்னு சிரிப்பையும் சாப்பாட்டையும் மழைக்காலத்தையும் சேத்து வெட்டினாங்க, பல புத்தகத்துல கதையையே தூக்கிப்போட்டு வேற கதை வச்சாங்க. ஹார்டி பாய்ஸ்ல முதல் 38-ம் 1973-க்குள்ள இப்படி மாறிடுச்சு, நான்சி ட்ரூல முதல் 34-ம் 1977-க்குள்ள. பதினாறு வயசு நான்சி பதினெட்டாயிட்டா. என்ன மாத்தினாங்க, எதுக்கு மாத்தினாங்கன்னு நம்ம காலேஜ் பிள்ளைங்க ஒரு நாள் கேக்கும், அப்ப பக்கத்துல வச்சு காட்ட ரெண்டு காப்பியும் வேணும்.

அடுத்த தடவை பிரிக்கறப்ப எப்படிப் பாக்கணும்னும் சொல்லிடறேன், ரொம்ப சுலபம். அட்டையை நம்பாதீங்க, 1962-ல படம் போட்ட அட்டை வந்தப்ப அதே அட்டைக்குள்ள சில வருஷம் பழைய கதையும் இருந்துச்சு, பின்னாடி புதுக் கதையும் வந்துச்சு. காபிரைட் பக்கத்தைத் திருப்புங்க. ஒரே ஒரு பழைய வருஷம் மட்டும் இருந்தா பெரும்பாலும் மூலம், ரெண்டு வருஷம் இருந்தா திருத்தினது. சந்தேகம்னா அத்தியாயத்தை எண்ணுங்க, 25 கிட்ட இருந்தா பழசு, 20 இருந்தா புதுசு. ஆனா காபிரைட் வருஷத்தை வச்சு அது அந்த வருஷம் அச்சடிச்சதுன்னு நெனச்சுடாதீங்க, 1930-ன்னு போட்டிருக்கும், அச்சானது 1950-ஆ இருக்கும். எப்ப அச்சாச்சுன்னு தெரியணும்னா பின்னாடி இல்லன்னா ஜாக்கெட்ல, அதான் அட்டை மேல சுத்தியிருக்கற பேப்பர் உறைல, இருக்குற தொடர் லிஸ்ட்ல கடைசியா எந்தப் புத்தகம் போட்டிருக்குன்னு பாக்கணும், அதுக்கு முன்னாடி அச்சாகியிருக்காது. இதுல உக்காந்தா நேரம் போறதே தெரியாது, என் வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, அவரு சொல்லுவார்.

பணத்துக்காக கத்தறேன்னு யாரும் நெனச்சுடக்கூடாது. இதுல ஒண்ணுக்கும் நான் 3 டாலருக்கு மேல கொடுத்ததில்ல, பாதிக்கு ஜாக்கெட்டே இல்ல, வித்தா ஒரு பெரிய காசும் வராது. இன்னொரு வேடிக்கை, இந்தத் தொடர் புத்தகங்களை பல நூலகங்கள் அந்தக் காலத்துலயே உள்ள விட்டதில்ல. 1914-ல பாய் ஸ்கவுட்ஸோட தலைமை நூலகர், இதெல்லாம் பையன்க மூளையை வெடிவச்சு தகர்க்குதுன்னு கட்டுரையே எழுதினார். அப்ப குப்பைன்னு வெளில நிறுத்தினாங்க, இப்ப டூப்ளிகேட்னு வெளில அனுப்பறோம்.

நான் கேக்கறது இதுதான்.

இந்த மாசத்துக் குழுக் கூட்டம் வரைக்கும் பழைய தொடர் புத்தகம் ஒண்ணையும் வெளில அனுப்பாதீங்க. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின லிஸ்ட்டை எனக்கு அனுப்புங்க, அந்த 58-ல எது மூலம், எது உண்மையிலயே ரெண்டாவது காப்பின்னு ஒரு வாரத்துல பிரிச்சுத் தரேன். நெஜமாவே ஒரே பதிப்பு ரெண்டு இருந்தா நானே எடுத்துக்கறேன், சண்டையே இல்ல.

ஷீட்ல ரெண்டு காலம் சேருங்க. ஒண்ணு, மூலமா திருத்தினதா. இன்னொண்ணு, நெஜமா எழுதினவர் பேரு. டிக்ஸன் பேரு அப்படியே இருக்கட்டும், பக்கத்துல மெக்ஃபார்லேன்னோ பட்டன்னோ வரட்டும். கீன் பக்கத்துல பென்ஸன். டாம் ஸ்விஃப்டுக்கு அட்டைல விக்டர் ஆப்பிள்டன், பெரும்பாலானதை எழுதினது ஹோவர்ட் காரிஸ். டேஸர்னு ஷாக் கொடுக்கற துப்பாக்கி போலீஸ் வச்சிருக்காங்களே, அதுக்குப் பேரு வந்ததே 1911-ல வந்த ஒரு டாம் ஸ்விஃப்ட் கதைலேர்ந்துதான். தெரிஞ்ச பேரை எல்லாம் நான் நிரப்பறேன், தெரியாததை காலியா விடலாம், ஊகமா ஒண்ணும் எழுத வேண்டாம்.

மூல காப்பிகளுக்கு பெரியவங்க பக்கத்துல ஒரே ஒரு ஷெல்ஃப் கொடுங்க, உள்ள என்ன மாதிரி விஷயம் இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டுவோம், வாசகத்தை நீங்களே முடிவு பண்ணுங்க. ஷெல்ஃப் வாங்கற செலவு என்னோடது.

இனிமே யாரு புத்தகம் கொடுத்தாலும், அதை கழிக்கறதுக்கு முன்னாடி கொடுத்தவங்களுக்கு ஒரு ஃபோன், ஒரு மெசேஜ். இதை விதியா எழுதி வைங்க. எனக்கு முன்னாடி ஒரு தாத்தா அவரோட கல்கி பைண்டு வால்யூம் எல்லாம் கொடுத்திருக்கார், அதுவும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல, கேக்கவும் பயமா இருக்கு.

பொங்கல் மேஜைல அந்த 19-ஐ வாங்கினவங்க இதைப் படிச்சா, திருப்பிக் கொடுங்கன்னு கேக்க மாட்டேன், காசு கொடுத்து வாங்கியிருக்கீங்க. காபிரைட் பக்கத்தை மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்து குழுவுக்கு அனுப்புங்க, யாரு எழுதினதுன்னு சொல்றேன், முதல் பக்கத்துல பென்சிலால எழுதி வச்சுக்கங்க.

39-ம் இப்ப எங்க டைனிங் டேபிள்ல விரிச்சு, நடுவுல டிஷ்யூ வச்சு காயுது. ஏழு பக்கவாட்டுல உப்பிடுச்சு, ஒண்ணு தேறாது. கூட்டம் எந்தத் தேதின்னு சொல்லுங்க, மிச்சத்தை எடுத்துக்கிட்டு நேர்ல வரேன்.